மடங்காத வரி

ஆவுடையூரில் இதை இன்றைக்கும் யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை, "வரி வெளிய வந்த வருசம்" என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் மேலத்தெருவில் போர்க்குழாய் இறக்கிய வருசம், தேர்ச்சக்கரம் உடைந்த வருசம் என்று சொல்கிற அதே குரலில். மழை எட்டிப் பார்க்காத ஓர் ஆவணி மாதத்தில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆதிமூலம் அண்ணாச்சி நடத்துகிற டிடிபி கடையில், இசக்கித்தாய் தன்னுடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகைக்காக உறவுக்காரர்களின் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர்கள் திரையின் வலது ஓரத்தைத் தொட்டன. தொட்ட வரி, உலகத்தில் எல்லா வரியும் செய்வதுபோல மடங்கிக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஆனால் இறங்கவில்லை, நேரே போயிற்று, மானிட்டரின் கறுப்புச் சட்டத்தைத் தாண்டி, மேசையிலிருந்த கோந்து டப்பாவுக்கு மேலாக, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை உரசிக்கொண்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து தெருவுக்குப் போய்விட்டது. இசக்கி எழுந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவரின் பெயர் பக்கத்துப் பரோட்டாக் கடைக் கல்லுக்கு நேராக, நெஞ்சு உயரத்தில், ஆவி பட்டு லேசாக நனைந்தபடி நின்றுகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, பேரு வெளிய போகுது" என்றாள்.

ஆதிமூலம் அண்ணாச்சி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடியை இறக்கி, வரி போகிற திசையை ஒரு தடவை பார்த்தார். "மானிட்டருக்கு ஒண்ணும் ஆகிராதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அந்தக் கடையில் இருந்த உயிர்களிலேயே பெரிய உயிர் அந்த மானிட்டர்தான்.

இது ஏன் நடந்தது என்று கேட்டால் ஆவுடையூரின் குணத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஒரு கல்யாணத்தைப் பேசி முடிப்பது ஒன்றும் பெரிய பாடில்லை, ஜாதகம் பார்ப்பது, நாள் குறிப்பது, மண்டபம் பிடிப்பது எல்லாம் மளமளவென்று நடந்துவிடும். பத்திரிகையில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வரும் என்பதில்தான் கல்யாணங்கள் தலைகுப்புற விழும். ஒரு பெரியம்மாவின் வீட்டுக்காரர் பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்காகத் தாலி கட்டுகிற நேரத்தில் நாதஸ்வரக்காரரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்ட ஊர் அது. அந்த ஊரின் பத்திரிகைகளையெல்லாம் வருசக்கணக்காகத் தட்டிக்கொடுத்தவள் இசக்கி. அடுத்தவர்கள் வீட்டுச் சண்டையை நாற்காலிக்குப் பின்னால் நிற்கவிட்டு, திரும்பிப் பார்க்காமல், "சொல்லுங்க, அடுத்த பேரு" என்று கேட்டுப் பழகியவள். ஊரிலுள்ள அத்தனை பேரின் முகூர்த்தத்தையும் தட்டிய அவளுக்கு முப்பது தாண்டியும் ஒன்றும் அமையவில்லை. அப்பா வெள்ளைப்பாண்டி அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனார். அம்மா பூரணம் கிரைண்டரில் மாவு அரைத்து விற்று அவளை வளர்த்தாள். அந்த வருசம்தான் கீழப்பாறையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தளவாய் என்கிற மாப்பிள்ளை கூடி வந்தது.

மாப்பிள்ளை பார்க்கிற வருசங்களில் தலையைக் காட்டாத உறவு முழுதும், பெயர் போடுகிற வாரத்தில் கடைக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவர் அப்பாவின் அண்ணன், கொம்பையா பெரியப்பா.

"இந்தா பாரு தாயி, நான் உங்கப்பனுக்கு மூத்தவன். எனக்கு மேல எவன் பேரும் நிக்கப்படாது. நின்னா பொறவு எந்த மொகத்தோட பந்தலுக்குள்ள வருவேன்?"

அவர் படியிறங்கிய சூட்டோடு அம்மாவின் தம்பி, சப்பாணிமுத்து மாமா ஏறி வந்தார். "தாய்மாமன் இல்லாம ஒரு காது குத்த முடியுமா, நீயே சொல்லு. எம் பேரு ரெண்டாவது வரிக்குப் போச்சுன்னா நான் மாலையத் தூக்கிட்டு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

பின்னாலேயே சித்தப்பாக்கள், அத்தை வீட்டுக்காரர்கள், அத்தைகளின் மருமகன்கள். யாரும் யாருக்கும் கீழே நிற்கத் தயாராக இல்லை. அப்போதுதான் இசக்கி ஒரு யோசனை செய்தாள், அது ஆவுடையூரில் பத்திரிகை தட்டுகிற ஒருத்திக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. பத்திரிகையை அழகாக அடுக்குவது பிறகு. முதலில் பெயர்களை மட்டும் ஒரு சாதாரண எடிட்டரில், வெறும் எழுத்தாகத் தட்டி எல்லாரிடமும் சம்மதம் வாங்குவது கடை வழக்கம். அந்த எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உறவுகளைக் கூட்டிச் சொன்னாள்: "எண்டர் தட்டினாத்தான் அடுத்த வரி. நான் எண்டரே தட்டப் போறதில்ல. கமா போட்டு, கமா போட்டு, எல்லாரும் ஒரே வரி. இடம் பத்தாம அது மடங்கி மடங்கிக் கீழ வரும், அது வெறும் மடிப்பு. வரின்னு பாத்தா ஒண்ணுதான். மேலேயும் கெடையாது, கீழேயும் கெடையாது."

பெரியப்பா யோசித்தார், மாமா யோசித்தார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இருவருக்கும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் முதலில் என்பதற்குக்கூடத் திருவுளச் சீட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் அவள் சொன்னதை நம்பினார்கள். எடிட்டரும் நம்பிவிட்டது, அதுதான் வினை. ஒரே வரி என்றால் ஒரே வரி என்று அது எடுத்துக்கொண்டு, மடங்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டது.

இசக்கி தொழில் தெரிந்தவள், பதறவில்லை. மெனுவுக்குப் போய் வரி மடிக்கிற கட்டளைக்கு நேரே பார்த்தாள், டிக் இருந்தது. டிக்கை எடுத்தாள், மறுபடி போட்டாள், வரி பிள்ளையார் கோயில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சரி, கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவோம் என்று அணைத்தாள். அணைத்ததும் தெருவில் நின்ற பெயர்களெல்லாம் சாம்பல் நிறமாக மங்கிப்போக, "என்னத்தா, உயிரோட இருக்கவன் பேர அணச்சிட்டியே" என்று ஒரு சித்தப்பா செருப்பில்லாமல் ஓடிவந்தார், அவசரமாகத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. எழுத்தின் அளவைக் குறைத்தால் வரி சுருங்கும் என்று குறைத்தாள். சுருங்கத்தான் செய்தது. ரேஷன் கடை முன்னால் முழ உயர எழுத்தில் நின்ற தன் பெயர் கண்ணெதிரே எள்ளுருண்டை அளவுக்குப் போனதைப் பார்த்த மாமா, வரிசையில் நின்ற பெண்களுக்கு முன்னால் தனக்கு அவமானம் நேர்ந்துவிட்டதாக அங்கேயே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார், பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சட்டையைப் போட்டார்.

கீழே இருந்த ஸ்க்ரோல் பாரை இழுத்ததுதான் பெரிய தப்பு. அவள் லேசாக இழுத்தாள், தெருவில் வரி முழுவதும் சரசரவென்று நகர்ந்து, ஒவ்வொரு பெயரும் அடுத்த இடத்துக்குப் போய் நின்றது. அதுவரை பிள்ளையார் கோயில் வாசலில் கற்பூர மணத்தோடு நின்றிருந்த கொம்பையா பெரியப்பாவின் பெயர் கோழிக்கறிக் கடை வாசலுக்குப் போயிற்று, கோழிக்கறிக் கடை முன்னால் நின்ற அத்தை வீட்டுக்காரர் மாட்டுச் சந்தைக்குப் போனார். அன்றிலிருந்து, மௌஸைப் பிடித்துத் தன் பெயரைக் கோயிலுக்கு இழுத்து வைத்துவிட்டுப் போக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் இழுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார், அதற்குள் இன்னொருவர் வந்து இழுத்துவிடுவார், பெயர்கள் ஊரில் முன்னும் பின்னும் தறிநாடா மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் அண்ணாச்சி மௌஸைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

ஊர் இதற்குள் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது அது. எழுத்துகள் தொட்டால் கருப்பட்டி மாதிரி லேசாகப் பிசுபிசுத்தன, ஆனால் கனம் தாங்கின. முதல் நாள் தள்ளி நின்று பார்த்த பெண்கள் மறுநாள் சேலை காயப்போட்டார்கள், கொம்புள்ள எழுத்துகளில் தூக்குவாளியையும் பால் பையையும் மாட்டினார்கள், சுழித்த எழுத்துகளுக்குள் மைனாக்கள் உட்கார்ந்தன, புள்ளியுள்ள எழுத்துகளில் கறிக்கடைக்காரர் தராசைத் தொங்கவிட்டார். மினி பஸ் நடத்துநர் நிறுத்தங்களின் பழைய பெயர்களை விட்டுவிட்டு, "கொம்பையா எறங்கு, கொம்பையா எறங்கு, அடுத்து சப்பாணிமுத்து" என்று கூவ ஆரம்பித்தார். வரி நெஞ்சு உயரத்தில் போனதால் தெருவைக் குறுக்கே கடக்கிறவர்கள் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்த் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, யார் யார் குனிந்து போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து எலெக்சனில் அவரைத் தோற்கடித்த முன்னாள் தலைவர் குனிந்து போன மதியம் அவருக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

வரி வெளியே வந்ததும் அதில் இடம் கேட்டும் ஆள் வந்தது. இசக்கி தன் பிறப்பில் பார்த்திராத சொந்தமெல்லாம் வந்தது; அவள் தாத்தாவுடைய முதல் தாரத்தின் வழியில் வந்தவர்கள், அப்பாவோடு ஒரே நாளில் மொட்டை போட்டுக்கொண்டதால் பங்காளி ஆனவர்கள். ஒருவரை விட்டால் ஒருவர் வந்து நின்றார்கள், பெரியப்பா சிபாரிசில் ஒரு கூட்டம், மாமா சிபாரிசில் ஒரு கூட்டம், மறுக்க வழியில்லாமல் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள், தட்டத் தட்ட வரி நீண்டு, சந்தையைக் கடந்து, கண்மாய்க் கரையில் ஏறி, நெடுஞ்சாலையோரமாகவே நடந்து, கீழப்பாறைக்குப் போய், தளவாய் வீட்டு வாசலில் முட்டி நின்றது. வரியின் நுனியில் இருக்குமே ஒரு கறுப்புக் குச்சி, அடுத்த எழுத்துக்காகக் கண் சிமிட்டிக்கொண்டு, அது அவர்கள் வீட்டு நிலைக்கு நேராக நின்று அணைந்து அணைந்து எரிந்தது.

புதன்கிழமை காலையில் தளவாய் நடந்தே வந்து சேர்ந்தான். நிச்சயதார்த்தத்தன்று தட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தலையைக் குனிந்திருந்ததைத் தவிர, அவனை அவள் நேராகப் பார்த்ததில்லை. கைகளில் கிரீஸ் போகாத கறுப்பு, சட்டை முழுக்க வியர்வை.

"பஸ்ஸு வரலயா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வந்துச்சு. பேரெல்லாம் வாசிச்சிட்டே வருவோம்னு எறங்கிட்டேன்" என்றான். "உங்க வீட்டாளுக அம்புட்டுப் பேரும் எனக்கு மனப்பாடம் இப்போ." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்க வீட்டுப் பெரியாளுக கோவமா இருக்காக. ஒரு பேர்ப்பட்டியல மடிக்கத் தெரியாத வீட்டுல என்ன சம்பந்தம்னு கேக்காக. வெள்ளிக்கெழம பந்தக்கால் நடணும். அதுக்குள்ள பத்திரிக கைக்கு வரலன்னா இந்தப் பேச்சு இதோட விட்டுருவோம்னு முடிவு பண்ணிட்டாக. நான் சொல்லிப் பாத்தேன். எங்க அய்யா காதுலயே வாங்கல."

"நீங்க என்ன நெனைக்கிய?"

"எனக்கு அந்தக் குச்சி சிமிட்டுறதப் பாக்கப் புடிச்சிருக்கு. நீங்க அங்கன உக்காந்து யோசிக்கியன்னு தெரியும்ல. நிக்காம ஓடுச்சுன்னா, தட்டுதியன்னு தெரியும்" என்றான் அவன். இசக்கிக்கு அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருசம் கழித்துக் கூடி வந்தது ஒரு வரியில் தட்டிப் போய்விடுமோ என்று பயந்தாள்.

அண்ணாச்சி அன்றைக்கே திருநெல்வேலியிலிருந்து டென்சிங் என்கிற சர்வீஸ் என்ஜினீயரை வரவழைத்தார். டென்சிங் பையைக் கழற்றாமலே கடைக்குள் வரியைப் பார்த்தார், வெளியே போய்க் கீழப்பாறைவரை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், ஒரு சோடா குடித்தார்.

"சாப்ட்வேர்ல கோளாறு இல்லங்க. இந்தப் பைல்ல ஒரு எண்டர்கூட இல்ல, அதான். அடுத்த வரின்னு ஒண்ணு இருக்குங்கறதே இதுக்குத் தெரியாது. எங்கயாவது ஒரே ஒரு எடத்துல எண்டர் விழுந்தா போதும், அது தெரிஞ்சுக்கும். மிச்சமெல்லாம் தானா மடங்கி உள்ள வந்துரும்."

"எங்க தட்டணும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எங்க வேணும்னாலும் தட்டலாம். ஏதாவது ரெண்டு பேருக்கு நடுவுல."

என்ஜினீயர் சொல்வதைக் கேட்க உறவெல்லாம் கூடியிருந்த கடை, அந்த வார்த்தையில் மறுபடி மாட்டுச் சந்தையாயிற்று. ஏதாவது ரெண்டு பேருக்கு நடுவில் என்றால், அந்த ரெண்டாவது ஆள் யார்? மடிப்பு என்றால் சரி, எண்டர் என்றால் அது அசல் ரெண்டாவது வரி அல்லவா? டென்சிங் இது தன்னுடைய வேலையில் வராது என்று சொல்லிவிட்டு, பைக்கில் ஏறி, மாமா பெயருக்குக் கீழே குனிந்து போய்விட்டார். அண்ணாச்சிதான் தன் மூளையைக் கசக்கி ஒரு வழி சொன்னார்: ரெண்டாவது வரியில் முதலில் நிற்கிறவருக்கு முதல் பந்தியில் முதல் இலை. நல்ல யோசனைதான். சொன்ன மாத்திரத்தில் அத்தனை பேரும் ரெண்டாவது வரிக்குப் பாய்ந்தார்கள், முதல் வரியில் நிற்க ஆள் இல்லாமல் போயிற்று, அதுவரை ரெண்டாவதுக்குப் போகமாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் அதே தொண்டையால், முதல் வரியில் தங்களைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று கத்தினார்கள். பெரியப்பா தன் இலைமேல் மாமா கண் வைப்பதாகச் சொன்னார். மாமா, இலையே வேண்டாம், பட்டினி கிடந்தாவது தான் முதல் வரியில்தான் நிற்பேன் என்று திரும்பவும் தன் நாற்காலிக்குப் போனார், தனக்குத் தெரியாமல் எண்டர் தட்டிவிடுவார்கள் என்று பயந்து பெயரின் முதல் எழுத்தைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் பெயரைக் காவல் காக்கப் போனார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் இசக்கி வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். வீடு ஊருக்கு மேற்கே, வரி கிழக்கே. அம்மா அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. மாவு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைக்குத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"சந்த வரைக்கும் போனேன். அதுக்கு அங்கிட்டுக் காலு வலிச்சிட்டு. யம்மா, எம்புட்டுப் பேரு. நம்ம ஆளுக ஒருத்தர் விடாம வந்துட்டாகளா?"

"எல்லாரும் வந்தாச்சு."

"புதுக்கொளத்துச் சின்னாத்தா மகன்?"

"அவனும் இருக்கான்."

"அப்ப சரி. விட்டுப்போச்சுன்னா பொறவு மனஸ்தாபமாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அம்மா சோற்றில் குழம்பை ஊற்றினாள். தன் பெயர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் ஆவுடையூரில் தாலியில்லாதவள் பெயரைப் பத்திரிகையில் வரவேற்கிற இடத்தில் போடுவது வழக்கமில்லை. செத்துப்போன புருசன் பெயர் 'தெய்வத்திரு' என்று பெரிய எழுத்தில் வரும், இருக்கிறவள் பெயர் வராது. இசக்கியும் அத்தனை வருசமாக அப்படித்தான் தட்டினாள், யாரும் சொல்லாமலே, கை அதுவாகத் தாண்டிப்போகும். மொட்டை போட்டுப் பங்காளி ஆனவன்கூட வரியில் நிற்கிறான். இருட்டோடு எழுந்து மாவு அரைத்தவள் அந்த வரியை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து குழம்பு ஊற்றுகிறாள். இசக்கிக்குக் கோபம் வந்தது, அம்மா மேல், மாமா மேல், தன் கை மேல். அந்தக் கோபத்தில் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள், இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் போய் உட்கார்ந்தாள். தளவாய் தன் வீட்டாருக்குக் கடைசித் தகவல் சொல்வதற்காக அங்கே வந்து நின்றான், அண்ணாச்சி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார், உறவெல்லாம் அவரவர் பெயரடியில் காவல் இருந்ததால் நாற்காலிக்குப் பின்னால் முதல்முறையாக ஒருவரும் இல்லை. இசக்கி வரியின் ஆரம்பத்துக்குப் போகிற பொத்தானை அழுத்தினாள். கீழப்பாறையில் சிமிட்டிக்கொண்டிருந்த குச்சி அங்கே மறைந்து, திரையில், எல்லாப் பெயருக்கும் முன்னால், இடது ஓரத்தில் வந்து நின்றது. பூரணம் அம்மாள் என்று தட்டினாள். கமா போடவில்லை. எண்டரைத் தட்டினாள்.

வரி ஒரு நிமிசம் யோசித்தது. பிறகு, கயிற்றின் மறுமுனையை யாரோ பிடித்து இழுத்ததுபோல, மொத்தமும் கிளம்பியது. கீழப்பாறையிலிருந்து நெடுஞ்சாலை வழியாக, கண்மாய்க் கரை வழியாக, சந்தை வழியாக, ரேஷன் கடை, கறிக்கடை, கோயில் வழியாக, பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று ஜன்னலுக்குள் நுழைந்து மானிட்டருக்குள் இறங்கின. வருகிற வேகத்தில் தங்கள்மேல் காயப்போட்டிருந்ததையெல்லாம் கொண்டுவந்தன. ஜன்னல் கம்பியில் மோதி மோதிக் கடைக்குள் சேலைகளும் வேட்டிகளும் தூக்குவாளிகளும் கறிக்கடைத் தராசும், இரண்டு மூன்று மைனாக்களும், யார் வீட்டுக் கோழி என்று இன்றுவரை தெரியாத ஒரு கோழியும் வந்து விழுந்தன. ஜன்னலில் நுழையாத ஒன்று வாசல் வழியாக வந்தது. அது சப்பாணிமுத்து மாமா, துண்டால் பெயரோடு கட்டப்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தெரு நெடுக இழுத்துவரப்பட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவருடைய பெயர் துண்டிலிருந்து நழுவித் திரைக்குள் போயிற்று.

சற்று நேரத்தில் கொம்பையா பெரியப்பா மூச்சிரைக்க வந்தார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லோரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார்கள். மேலே தனியாக ஒரு பெயர். அதற்குக் கீழே, மடங்கி மடங்கி, கமா போட்டு, அவர்கள் அத்தனை பேரும்.

"என்னட்டி இது?" என்றார் பெரியப்பா. "தாலியறுத்தவ பேரத் தலையில தூக்கி வச்சிருக்க. நல்ல காரியத்துக்குப் போடுற பத்திரிகையா இது? எடு அத."

இசக்கி நாற்காலியைத் திருப்பினாள். அவரைப் பார்த்துச் சொன்னாள்: "எடுக்க மாட்டேன் பெரியப்பா. என்னைய வளத்தது அவதான். பொண்ணக் குடுக்கதும் அவதான்."

"எடுத்தா வரி மறுபடியும் வெளிய போயிரும்" என்று அண்ணாச்சி கோழியைக் கையில் பிடித்தபடி குறுக்கே சொன்னார். "மௌஸ் சாவி எங்கிட்ட இருக்கு. இந்தத் தடவ நீங்க சந்தையிலதான் நிப்பிய."

பெரியப்பா துணைக்கு மாமாவைப் பார்த்தார். மாமா நாற்காலியிலிருந்து எழாமல், திரையில் தன் பெயரையும் பெரியப்பா பெயரையும் விரலால் அளந்து பார்த்தார். இரண்டும் ஒரே வரி, சந்தேகமில்லை. "எங்கக்காவுக்குக் கீழ நிக்கதுல எனக்கென்ன கொறச்சல்" என்றார் கடைசியில். "சின்னதுல அவ இடுப்புலதான் கெடந்தேன்."

தளவாய் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்து, கறுப்புக் கையை மானிட்டரில் பட்டுவிடாமல் நீட்டி, மேலே இருந்த பெயரை வாய்விட்டு ஒரு தடவை வாசித்தான். "இது ஒண்ணுதான் நான் வாசிக்காத பேரு" என்றான். "அச்சுக்குக் குடுங்க அண்ணாச்சி. நான் கையோட வாங்கிட்டுப் போறேன், எங்கய்யா பந்தக்காலப் புடிச்சிட்டு நிப்பாரு."

அச்சு முடிந்து, மஞ்சள் தடவி, முதல் கட்டைத் தளவாய் எடுத்துக்கொண்டு போன பிறகு, மிச்சத்தை இசக்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா ஒன்றைப் பிரித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை, அழுகிறாளோ என்று இசக்கி எட்டிப் பார்த்தபோது, பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து உதறி உடுத்திக்கொண்டிருந்தாள். பத்திரிகைகளை ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, வெற்றிலையும் பழமும் வைத்து, குங்குமச் சிமிழைக் கையில் எடுத்து ஒரு கணம் நின்று, அதையும் தாம்பாளத்தில் வைத்தாள்.

"அம்மா, ஊரழைக்கதுக்குப் பெரியப்பாவும் மாமாவும் போறேன்னிருக்காகளே."

"அவுக எதுக்குப் போவணும்?" என்றாள் பூரணம், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவள் முதலில் போனது தன் தம்பி வீட்டுக்கு. சப்பாணிமுத்து மாமா வாசலில் முழங்கால் சிராய்ப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், தாம்பாளத்தோடு அக்கா படியேறி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார், தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. பூரணம் பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினாள்.

"தம்பி, எம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்" என்றாள். "குடும்பத்தோட வந்துரு."